ஒரு தாக்குதல், மூன்று நேரங்கள்: வீட்டுப் பயிற்சிக் கூடத்தின் பதிவு

உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையே எங்கள் நாட்டு மாணவர்களுக்கு வாய்க்கும் நீண்ட காத்திருப்பைக் கணினிப் பாதுகாப்புத் தொழிலுக்கான ஆயத்தமாகப் பயன்படுத்துவது என்று முடிவெடுத்தபோது, என்னிடம் இருந்தவை ஒரு கொப்பியும் கொக்குவிலில் எங்கள் வீட்டின் பின் அறையில் ஒரு மேசையும் மட்டுமே. சித்தப்பா தம் அலுவலகத்தில் கழித்துவிட்ட மேசைக் கணினி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். மூன்றாம் தலைமுறை ஐ5 செயலி, 4 ஜிபி நினைவகம், இயங்கும்போது உறுமுகிற ஒரு பழைய வன்தட்டு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் வரும் மண் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் குடியேறியிருந்தது. தூரிகையால் துடைத்து, நகரில் பழைய பாகங்கள் விற்கும் கடையொன்றில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 நினைவகத்தையும் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றையும் வாங்கிப் பொருத்தி, உபுண்டு லினக்ஸை நிறுவினேன். அதன்மேல் வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருளை வைத்து, ஒரே பெட்டிக்குள் மூன்று கணினிகள் இயங்கும் ஒரு மூடிய கூடத்தை அமைப்பதே திட்டம்: தாக்குவதற்குக் காளி லினக்ஸ், தாக்கப்படுவதற்கு மெற்றாஸ்பிளொயிற்றபிள் 2, நடப்பதையெல்லாம் எழுதிவைப்பதற்கு ஒரு டெபியன் லினக்ஸ்.

மூடிய கூடம் எதற்கு என்று ஒரு நண்பன் கேட்டான். அவன் ரியூசன் படித்த நிலையத்தின் இணையத்தளத்தையும் வைஃபையையும் சோதித்துப் பார்த்தால் நல்ல பயிற்சியாகுமே என்பது அவனுடைய யோசனை. நான் மறுத்தேன். இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதே குற்றம். உள்ளே எதையும் எடுக்கவில்லை, எதையும் கெடுக்கவில்லை என்பது விடையாகாது. உரிமையாளர் வாயால் 'பாருங்கோ தம்பி' என்று சொல்வதும் போதாது. எதை, எந்த நாட்களில், எந்த எல்லைக்குள் சோதிக்கலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இத்தொழிலுக்கு வர விரும்பும் ஒருவர், வேறு எதைக் கற்காவிட்டாலும் இதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சொந்தக் கூடத்தில் உரிமையாளரும் நானே, தாக்குபவனும் நானே, காவலாளியும் நானே. அங்கே எதை உடைத்தாலும் அது கல்வி.

மூன்று கணினிகளுக்குமான கோப்புகளை நள்ளிரவுக்குப் பிந்திய டேட்டாவில் இரண்டு இரவுகளாக இறக்கினேன். காளியின் கோப்பு மட்டுமே 3 ஜிபிக்கு மேல். இறக்கிய ஒவ்வொன்றுக்கும், கோப்பில் சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் எஸ்எச்ஏ-256 கூட்டெண்ணைக் கணித்து, வெளியீட்டாளர் தந்திருந்த எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். முதல் இரவு இணைப்பு இடையில் அறுந்து போன கோப்பு, பார்வைக்கு முழுமையாகத் தெரிந்தும் கூட்டெண் சோதனையில் பொருந்தவில்லை. பாடப்புத்தகத்தில் 'தரவின் முழுமை' என்று ஒரு வரியாகப் படித்ததற்கு அன்று பொருள் விளங்கியது.

மெற்றாஸ்பிளொயிற்றபிள் 2 என்பது, பழைய உபுண்டு 8.04இன் மேல் வேண்டுமென்றே ஓட்டைகளோடு பயிற்சிக்காகக் கட்டப்பட்ட ஒரு கணினி. அதன் 1524ஆம் வாயிலுக்கு (வலையமைப்பு இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வழிகளில் ஒன்று, ஆங்கிலத்தில் port) ஒரு இணைப்பை ஏற்படுத்தினாலே, கடவுச்சொல் எதுவும் கேட்காமல் முழு நிர்வாக அதிகாரமும் கைக்கு வந்துவிடும். அத்தகைய ஒன்றை நான் முதல் நாள் 'பிரிட்ஜ்' முறையில் இணைத்துவிட்டேன். அதாவது, அது எங்கள் வீட்டு ரவுட்டரிடமிருந்தே முகவரி பெற்று, அம்மாவின் கைபேசியும் தங்கையின் மடிக்கணினியும் இருந்த அதே வலையமைப்பில் போய் அமர்ந்தது. கைபேசியிலிருந்த ஒரு வலையமைப்பு ஆராயும் செயலியைத் தற்செயலாகத் திறந்தபோது, பட்டியலில் தெரியாத ஒரு முகவரி இருப்பதைக் கண்டேன். உடனே நிறுத்தி, மூன்று கணினிகளையும் 'ஹோஸ்ட்-ஒன்லி' வலையமைப்புக்கு மாற்றினேன். அந்த வலையமைப்பில் அவை தம்மோடும் தாங்கி நிற்கும் பெட்டியோடும் மட்டுமே பேசும், முகவரிகள் 192.168.56 என்று தொடங்கும். அதற்குப் பிறகு ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன்: பயிற்சி தொடங்கும் முன் இணைய வடத்தையே கழற்றிவிடுவது. இந்த நல்ல வழக்கம்தான் பின்னால் சொல்லப்போகும் சிக்கலை வெளிக்கொண்டு வந்தது.

முதல் வாரத்தின் பயிற்சிகளில் என்னை மிகவும் பாதித்தது டெல்நெற், அதாவது தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழைந்து கட்டளையிடும் பழைய முறை. என்மாப் என்ற ஆராயும் கருவி மூலம் இலக்கை ஆராய்ந்தால் திறந்த வாயில்களின் பட்டியல் ஒரு திரை முழுவதும் நீளும். அதில் 23ஆம் வாயில் டெல்நெற்றுக்கு உரியது. வலையமைப்பில் போய்வருவதைப் பிடித்துக் காட்டும் வயர்சார்க்கை ஓட விட்டுக்கொண்டு, காளியிலிருந்து டெல்நெற் வழியாக இலக்குக்குள் நுழைந்தேன். பிறகு அந்த உரையாடலை மட்டும் பிரித்துத் திறந்தபோது, நான் தட்டிய பயனர் பெயர் ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. நான் அனுப்பிய எழுத்தை இலக்கு திரும்ப அனுப்பிக் காட்டுவதால் அந்த இரட்டிப்பு. கடவுச்சொல்லில் இரட்டிப்பு இல்லை, ஏனெனில் அது திரையில் காட்டப்படுவதில்லை. ஆனால் அதுவும் எவ்வித மறைப்பும் இன்றி எழுத்தெழுத்தாகக் கம்பியில் கிடந்தது. திரையில் மறைந்திருப்பது வேறு, வழியில் மறைந்திருப்பது வேறு என்பதைக் கண்ணால் கண்ட பிறகு, எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் ஏன் வந்தது என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் வாரத்தில் காலைகள் கெடத் தொடங்கின. முந்திய இரவு ஒழுங்காக இயங்கிய மூன்று கணினிகளும் காலையில் எழ மறுத்தன. ஒரு கணினிக்குள் வேறு கணினிகளை இயக்க உதவும் செயலியின் விரி-எக்ஸ் வசதி, கணினி எழும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளான பயோஸில் முடக்கப்பட்டிருக்கிறது என்று வேர்ச்சுவல்பொக்ஸ் அறிவித்தது. நான்தான் அதை முதல் நாளே பயோஸில் இயக்கியிருந்தேனே என்ற நம்பிக்கையில், பிழை மென்பொருளில்தான் என்று எடுத்துக்கொண்டு, வேர்ச்சுவல்பொக்ஸை நீக்கி மீள நிறுவினேன், லினக்ஸின் பழைய கருவுக்குத் (கேர்னலுக்குத்) திரும்பினேன், இரண்டு நாட்களைச் செலவழித்தேன். மூன்றாம் நாள் பயோஸைத் திறந்து பார்த்தபோது, அந்த வசதி உண்மையிலேயே முடக்கப்பட்டிருந்தது. திரும்பவும் இயக்கிவிட்டு, ஏன் மாறியது என்று கேட்காமலே வேலையைத் தொடர்ந்தேன். அறிவித்தலை அப்படியே நம்பி அது சொன்ன இடத்தை முதலில் பார்த்திருந்தால் இரண்டு நாட்கள் மிஞ்சியிருக்கும்; ஏன் என்று கேட்டிருந்தால் அடுத்த வாரமே மிஞ்சியிருக்கும்.

அந்த வாரம்தான் முதல் முழுமையான பயிற்சியைச் செய்தேன். அறுபது சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை நானே தயாரித்து, ஹைட்ரா என்ற கருவியால் இலக்கின் டெல்நெற் வாயிலில் அவற்றை ஒவ்வொன்றாக முயலச் செய்தேன். எஸ்எஸ்எச் வாயிலில் முயலவே நினைத்திருந்தேன். ஆனால் இலக்கிடம் இருந்த பழைய சாவி வகைகளை இன்றைய எஸ்எஸ்எச் ஏற்க மறுத்தது. அதைத் தளர்த்த வழி உண்டு என்றாலும் அன்று நேரம் போதவில்லை. இலக்கு தன் பதிவேட்டு வரிகளை 514ஆம் வாயில் வழியே டெபியனுக்கு அனுப்பும்படியும், டெபியன் அவற்றை ஆர்சிஸ்லொக் என்ற பதிவு மென்பொருள் மூலம் சேர்த்துவைக்கும்படியும் ஏற்கெனவே ஒழுங்குபடுத்தியிருந்தேன். டெபியன் 12இல் ஆர்சிஸ்லொக் தானாக வருவதில்லை, தனியாக நிறுவ வேண்டும் என்பதைத் தொடங்குபவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பயிற்சி முடிந்ததும், நடந்ததை ஒரு பாதுகாப்புக் கண்காணிப்பு நிலையத்தின் அறிக்கை போல நான்கு பக்கங்களில் எழுதி, கொழும்பில் அத்தகைய நிலையமொன்றில் இரவுப்பணி செய்யும் எங்கள் ஊர் அண்ணை ஒருவருக்கு அனுப்பினேன்.

படங்களும் கட்டளைகளும் நிறைந்த அந்த அறிக்கைக்கு அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. "தம்பி, இதில போட்டிருக்கிறது எந்த மணிக்கூட்டு நேரம்?"

அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முதற்பக்கத்தில், கொப்பியைப் பார்த்து, தாக்குதல் காலை 6.40க்குத் தொடங்கியது என்று எழுதியிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒட்டியிருந்த வயர்சார்க் படத்தில் அதே தாக்குதல் முந்திய இரவு 11.08. மூன்றாம் பக்கத்தில், இலக்கின் பதிவேட்டிலிருந்து எடுத்த வரிகளில் அது முந்திய நாள் பிற்பகல் 1.38. ஒரே நிகழ்வுக்கு மூன்று நேரங்களைத் தந்துவிட்டு, மூன்றையும் உண்மை என்று கையெழுத்திட்டிருந்தேன். இது பயிற்சி, உண்மையான ஊடுருவலாக இருந்திருந்தால், யார் முதலில் நுழைந்தார், எது எதற்குக் காரணம், அந்நேரம் கடமையில் இருந்தவர் யார் என்ற ஒவ்வொரு கேள்விக்கும் பிழையான விடையே கிடைத்திருக்கும்.

முதல் இடைவெளியை அளந்தேன்: 6.40க்கும் 11.08க்கும் இடையே ஏழு மணித்தியாலம் முப்பத்திரண்டு நிமிடம். முந்திய இரவு கணினியை நிறுத்தியது 10.58க்கு, காலையில் இயக்கியது 6.30க்கு என்று கொப்பியில் இருந்தது. இடைவெளி அதே ஏழு மணித்தியாலம் முப்பத்திரண்டு நிமிடம். கணினி உறங்கிய நேரம் முழுவதையும் அது மறந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டில் அப்பா படுக்கப் போகும் முன் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிடுவார்; இடி மின்னலுக்குப் பயந்து பழகிய வழக்கம். பிளக் கழன்றிருக்கும்போது மதர்போட்டின் கடிகாரத்தையும் பயோஸின் அமைப்புகளையும் காப்பது, நாணயம் போன்ற ஒரு சிஆர்2032 பற்றரி மட்டுமே. பெட்டியைத் திறந்து, அதன் கொளுவியை நகத்தால் விலக்கிப் பற்றரியை எடுத்து, மல்டிமீற்றரில் வைத்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.1 காட்டியது. விரி-எக்ஸ் ஒவ்வொரு காலையும் முடங்கியதற்கும் இதுவே காரணம். பிளக்கைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் பயோஸ் தன் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருந்தது. இரண்டு வேறு நோய்கள் என்று நான் நினைத்திருந்தவை ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

ஆனால் ஒரு கேள்வி மீந்தது. பயோஸின் திகதி 2012ஆம் ஆண்டுக்குப் போயிருந்ததை நானே திரையில் கண்டேன். அப்படியானால் லினக்ஸும் 2012 என்றல்லவா காட்டியிருக்க வேண்டும்? தேடிப் படித்ததில் விளங்கியது இது. நேரத்தை ஒத்திசைக்கும் சேவையான சிஸ்ரம்டி-ரைம்சிங்டி, தனக்குக் கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு கோப்பின் திகதியாகப் பதிந்து வைக்கிறது. அடுத்த முறை எழும்போது மதர்போட்டின் கடிகாரம் அதைவிடப் பின்னால் இருந்தால், பதிந்து வைத்த அந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. இணையம் இருந்தால் சில நொடிகளில் என்ரிபி என்ற நேர ஒத்திசைவு நெறிமுறை வழியாகச் சரியான நேரத்தைப் பெற்றுத் திருத்திக்கொள்ளும். 1985 முதல் இருந்துவரும் அந்த நெறிமுறைக்கு 123ஆம் வாயில் வேண்டும். நானோ வடத்தைக் கழற்றிவிட்டிருந்தேன். 2012 என்று காட்டியிருந்தால் முதற் பார்வையிலேயே பிடிபட்டிருக்கும். முந்திய இரவு என்பது நம்பக்கூடிய நேரமாக இருந்ததால் நான் அதைத் தாண்டிப் போனேன். பெரிதாகத் தவறும் கடிகாரத்தைவிடச் சிறிதாகத் தவறும் கடிகாரமே புலனாய்வில் ஆபத்தானது என்று கொப்பியில் சிவப்பு மையால் எழுதி வைத்தேன்.

சந்தியிலிருந்த மணிக்கூட்டுக் கடையில் புதிய பற்றரி வாங்கிவந்து பொருத்திக்கொண்டிருந்தபோது, என்ன செய்கிறாய் என்று அப்பா கேட்டார். மூன்று நேரக் கதையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உதை நாங்கள் பத்து வருசம் அனுபவிச்சனாங்கள்" என்றார். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக 1996 மே மாதம் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நீடித்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு, அப்பா வேலை காரணமாக யாழ்ப்பாணத்திலிருந்து, இரு பகுதிகளுக்கும் எல்லையாக இருந்த முகமாலையைக் கடந்து, கிளிநொச்சிக்கு அடிக்கடி போய்வந்தவர். "முகமாலை தாண்டினால் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு விடவேணும். வரேக்க திரும்பவும் முன்னுக்கு. ஆரும் நேரம் சொன்னால், பழைய நேரமோ புதிய நேரமோ எண்டு கேட்டுத்தான் எழும்புவம்." கொழும்பிலிருந்து அண்ணை என்னிடம் கேட்டதும் அதே கேள்விதான்.

அன்றிரவு, லினக்ஸின் நேரவலயத் தரவுத்தளத்தில் கொழும்புக்குரிய பதிவை விரித்துப் பார்த்தேன். 1996இன் இரண்டு மாற்றங்களும் 2006இன் மாற்றமும் வரிசையாக இருந்தன. உலகெங்கும் உள்ள கணினிகள் எங்கள் தீவின் பழைய நேரத்தைக் கணிக்க நம்பியிருக்கும் அந்த வரிகளில், முகமாலைக்கு அப்பால் ஓடிய அரை மணித்தியாலத்துக்குத் தனி வலயம் இல்லை. அக்காலத்து வன்னி ஆவணம் ஒன்றின் நேரத்தை நாளை யாராவது கணினியால் மாற்றிக் கணிக்க முயன்றால், அரை மணித்தியாலம் பிழையாக வரும்.

இரண்டாவது இடைவெளி, அதாவது இரவு 11.08க்கும் பிற்பகல் 1.38க்கும் இடையேயான ஒன்பதரை மணித்தியாலம், பற்றரியை மாற்றிய பின்னும் அப்படியே இருந்தது. இதன் காரணம் எளியது. இலக்குக் கணினி அமெரிக்காவின் கிழக்குக் கரை நேரத்துக்கு அமைக்கப்பட்டு வந்திருந்தது; கோடைகாலத்தில் அதற்கும் எங்கள் நேரத்துக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. அதன் பதிவேட்டு வரிகள் பழைய சிஸ்லொக் வடிவத்தைச் சேர்ந்தவை. அவ்வடிவத்தில் மாதமும் நாளும் மணியும் உண்டு. ஆண்டும் இல்லை, நேரவலயமும் இல்லை. டெபியனில் ஆர்சிஸ்லொக், அனுப்பியவர் சொன்ன நேரத்தையே நம்பி எழுதியது. வயர்சார்க்கின் கோப்போ 1970 சனவரி 1 முதலான நொடிகளை உலகப் பொது நேரத்தில் எண்ணி வைத்து, திறந்து பார்ப்பவரின் கணினி எந்த வலயத்தில் இருக்கிறதோ அதற்கேற்பக் காட்டும். ஆகவே நான் கொக்குவிலிலும் வேறொருவர் லண்டனிலும் ஒரே கோப்பைத் திறந்தால், இருவரும் இரு வேறு நேரங்களைக் காண்போம். இருவர் காண்பதும் சரியே.

திருத்தங்களுக்கு ஒரு மாலை போதுமாயிருந்தது. மூன்று கணினிகளையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றினேன். டெபியனில் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி என்ற மென்பொருளை நிறுவி, வெளியுலகத் தொடர்பு இல்லாத நிலையிலும் கூடத்துக்குள் அதுவே நேரம் சொல்லும்படி அமைத்தேன். காளி அதைப் பின்பற்றுகிறது, இலக்கின் நேரத்தைப் பயிற்சிக்கு முன் நானே கையால் திருத்துகிறேன். ஆர்சிஸ்லொக்கின் வார்ப்புருவை மாற்றி, ஒவ்வொரு வரியிலும் அனுப்பியவர் சொன்ன நேரமும் டெபியன் பெற்றுக்கொண்ட நேரமும் அருகருகே, ஆண்டோடும் வலயத்தோடும் பதியும்படி செய்தேன். இரண்டும் ஒத்துப்போனால் ஆறுதல். ஒத்துப்போகாவிட்டால் அதுவே ஒரு செய்தி. ஒரு ஊடுருவல்காரர் தன் தடயத்தை மறைக்க இலக்கின் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாலும், பெற்றுக்கொண்டவரின் கடிகாரத்தை அவரால் தொட முடியாது. கொப்பியிலும் இப்போது இரண்டு நிரல்கள்: சுவர் மணிக்கூட்டு நேரம், அதிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழித்த நேரம்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய வாரம் அதே அறுபது சொற்களோடு தாக்குதலைத் திரும்பச் செய்தேன். இம்முறை கொப்பி, வயர்சார்க், இலக்கின் பதிவேடு மூன்றையும் ஒரே அட்டவணையில் வரிசைப்படுத்தியபோது, முன்பு தெரியாத ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு தவறான கடவுச்சொல்லுக்குப் பின்னும் இலக்கு ஏறத்தாழ மூன்று நொடிகள் காத்திருந்தே அடுத்த முறை பெயரைக் கேட்டது. முதல் அறிக்கையில் இந்தத் தாமதத்தைக் கணினியின் வேகக் குறைவு என்று எழுதியிருந்தேன். அது வேகக் குறைவன்று. ஊகித்து நுழைவோரைத் தாமதப்படுத்துவதற்காக லினக்ஸ் வேண்டுமென்றே வைக்கும் தடை. இருபது ஆண்டுகள் பழைய சிந்தனையில் கட்டப்பட்ட, ஓட்டைகள் நிறைந்த அந்தக் கணினிக்குள்ளும் யாரோ ஒருவர் அக்கறையோடு வைத்த ஒரு பூட்டு, கடிகாரங்கள் ஒத்துப்போன பிறகே என் கண்ணுக்குப் புலப்பட்டது.

புதிய அறிக்கை இரண்டு பக்கங்கள். முதல் வரியிலேயே 'எல்லா நேரங்களும் உலகப் பொது நேரம். இலங்கை நேரத்துக்கு 5.30 கூட்டவும்' என்று எழுதினேன். அண்ணை அதை வாசித்துவிட்டு, அவருடைய பணியில் முதல் நிலைப் பகுப்பாய்வாளராகச் சேருகிறவர்கள் பெரும்பாலான நேரத்தைச் செலவிடுவது இந்த வேலையில்தான் என்றார்: வெவ்வேறு கருவிகள் வெவ்வேறு நேரத்தில் சொன்னவற்றை ஒரே வரிசையில் நிறுத்துவது. செக்யூரிற்றி பிளஸ் போன்ற சான்றிதழ்களுக்கு இப்போதே ஆயத்தமாகலாமா என்று கேட்டேன். பாடத்திட்டத்தை இப்போதே படி, பரீட்சைக் கட்டணம் டொலரில் என்பதால் அதைப் பிறகு பார்க்கலாம், அதுவரை இப்படியான அறிக்கைகள் பத்தை ஆங்கிலத்தில் எழுதிச் சேர்த்துவை என்றார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சான்றிதழ் வேண்டாம் என்பதன்று என் கருத்து; ஆனால் நேர்முகத்தில் எதிரே இருப்பவரிடம் என் கையால் அளந்த ஒன்றைப் பற்றிப் பேச முடிவது, மனப்பாடம் செய்த வரைவிலக்கணத்தைவிட எனக்குத் துணிவைத் தருகிறது. இதுவரை மூன்று அறிக்கைகள் முடிந்துள்ளன. நான்காவது, கோப்புப் பரிமாற்ற மென்பொருளான விஎஸ்எப்ரிபிடி 2.3.4இல் 2011ஆம் ஆண்டு ஒளித்து வைக்கப்பட்ட பின்கதவைப் பற்றியது. பயனர் பெயரின் முடிவில் ஒரு சிரிப்புக் குறியை இட்டால் 6200ஆம் வாயில் திறக்கும் அந்தக் கதவு பதிவேட்டில் என்ன தடயத்தை விடுகிறது என்பதை இந்த வாரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா இப்போதும் இரவில் பிளக்கைக் கழற்றுகிறார். காலையில் கணினியை இயக்கியதும் வடம் இல்லாமலே நேரத்தைச் சுவர் மணிக்கூட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கொப்பியின் முதல் வரியில் எழுதுகிறேன். நேற்று இரண்டு நொடி. பெட்டியின் பக்கத் தகட்டின் உட்புறத்தில், பற்றரி மாற்றிய திகதியையும் அன்று மீற்றர் காட்டிய 3.2 வோல்ட்டையும் எழுதிய ஒரு சிறு கடதாசியை ஒட்டியிருக்கிறேன்.